மழையை மட்டும் உண்ணும் நிலம்

எம்ஸ்லாண்ட்
10 மார்ச் 2024

மூர்த்தி அண்ணைக்கு,

நான் நாகமுத்து எழுதுகிறேன். நானேதான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. பேனை என் கையில்தான் இருக்கிறது.

நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். உறையின் மேல் உங்கள் பெயரைத் தமிழில் எழுதியதும் நான்தான். தபால்காரருக்காக ஜெர்மன் முகவரியை மட்டும் எவ்லின் அம்மா எழுதித் தந்தார். உருத்திரமூர்த்தி என்று எழுதுவது லேசான வேலையா, அண்ணை? உங்கள் ஐயா கொஞ்சம் சின்னப் பெயராக வைத்திருக்கலாம். எழுதி முடித்த பிறகு எழும்பிப்போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தேன். பெயர் அங்கேயே இருந்தது. சரியான சந்தோசம்.

சுகன்யாதேவி ரீச்சரிடம் படித்தேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறவ. பஸ்ஸும் ரெயினும் ஏறிப் போகவேண்டும். முதலாம் வகுப்புப் பிள்ளைகளோடு பின்வரிசை வாங்கில் இருத்திவிட்டா. ஒரு சின்னப் பெட்டை என் கொப்பியை எட்டிப் பார்த்து, "தாத்தா, உங்கட 'இ' ஏன் படுத்துக் கிடக்குது?" என்று கேட்டது. இப்போது என் 'இ' எழும்பி நிற்கிறது. மேலே பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் கடிதம் உங்களுக்குத்தான் என்று தொடக்கத்திலேயே நினைத்து வைத்திருந்தேன். அகதி முகாம் அறையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தபோது, ஊரிலிருந்த என் மனிசி சிவபாக்கியத்துக்கு என் கடிதங்களை நீங்கள்தான் எழுதினீர்கள். நான் "சுகமாய் இருக்கிறன், யோசிக்க வேண்டாம்" என்பேன். நீங்கள் அதை ஒரு பக்கம் ஆக்குவீர்கள். அவள் இங்கே வந்து சேர்ந்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கடிதத்திலை அவ்வளவு கதைச்ச மனிசன் எங்கை போட்டார்?" சாகும் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தாள். நீங்கள் எழுதியிராவிட்டால் அவள் அவ்வளவு காலம் எனக்காகக் காத்திருப்பாளோ தெரியாது. நன்றி, அண்ணை. வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுத்தில் வெட்கம் இல்லை.

இங்கே நான் வேலை செய்த, கறுப்பு மண் வெட்டுகிற கொம்பனி போய்விட்டது உங்களுக்குத் தெரியும். வெட்டிய இடங்களில் வரம்பு கட்டி மழைத்தண்ணீரை நிற்க விடுகிறார்கள். சதுப்பு திரும்ப வளர வேண்டுமாம். எவ்லின் அம்மாவின் சதுப்புப் பாதுகாப்புச் சங்கம் சதுப்பின் ஓரத்திலிருந்த சின்ன வீட்டை எனக்கு இருக்கத் தந்திருக்கிறது. வாடகை இல்லை. அதற்குப் பதிலாக மதகுப் பலகைகளைப் பார்க்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று சொல்ல வேண்டும். சதுப்புக்குள் போகிற படலையைப் பூட்டித் திறக்கிற திறப்பும் என்னிடம்தான்.

வீட்டுக்கு முன்னால் ஒரு பாத்தி இருக்கிறது. ஒரு அறை அளவுதான். அதில் எவ்லின் அம்மா தன் கையால் பாசி தூவியிருக்கிறார். அந்தப் பாசி பிடித்துவிட்டால் மற்ற இடமெல்லாம் பிடிக்கும் என்கிறார். நான் காலையில் எழும்பி முதலில் பார்ப்பது அதைத்தான்.

எனக்கு ஒரு யோசனை, அண்ணை. இந்த நிலம் எனக்கு எவ்வளவோ காலம் சோறு போட்டது. சிவபாக்கியத்தை விமானம் ஏற்றிக் கொண்டுவந்தது இந்த மண்தான். நாங்கள் அதை வெட்டி வெட்டி விற்றோம். ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை. போன கிழமை சோறு வடித்த கஞ்சியைக் கொண்டுபோய் அந்தப் பாத்தியில் ஊற்றினேன். மனதுக்கு நல்லாக இருந்தது.

கை நோகிறது. நிறுத்துகிறேன்.

நாகமுத்து


டோர்ட்மண்ட்
2 ஏப்ரல் 2024

தம்பி நாகமுத்துவுக்கு,

உம்முடைய கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன். பிறகு இருந்து வாசித்தேன். பிறகு கீழ்வீட்டுப் பிரபாலினியைக் கூப்பிட்டு அவவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவ என் கையிலிருந்து பறித்துத் தானே ஒருக்கால் வாசித்தா. ஓம், உம்முடைய 'இ' நிமிர்ந்துதான் நிற்கிறது. 'ண'வுக்கு மட்டும் ஒரு சுழி கூடிப் போகிறது. சந்தோசத்தில் போட்டிருப்பீர் என்று விட்டுவிட்டேன்.

உள்ளதைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலும் வந்தது. இந்த நகரத்தில் எத்தனை பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், எத்தனை பேருக்கு அலுவலகங்களில் மொழிபெயர்த்தேன் என்று உமக்குத் தெரியும். ஒவ்வொருவராகத் தாங்களே பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். மிச்சமிருந்தது நீர் ஒருவர்தான். இப்போது நீரும் எழுதத் தொடங்கிவிட்டீர். இனி இந்த மூர்த்தி அண்ணை எதற்கு?

பகிடிதான். கோபிக்காதையும்.

உண்மையான விசயத்துக்கு வருகிறேன். பிரபாலினி ஆவணி முடிந்ததும் மகளோடு போய் இருக்கப் போகிறா. அவவுடைய வீடு காலியாகும். நிலமட்டத்து வீடு, படி ஏறத் தேவையில்லை. உம்முடைய முழங்காலுக்குப் பொருத்தம். வீட்டுக்காரரோடு கதைத்து வைத்திருக்கிறேன். தமிழ்க் கடை பக்கத்தில், கோயிலுக்கும் போய்வரலாம். அந்தச் சதுப்பில் தனியாக விழுந்து கிடந்தால் யார் உம்மைத் தூக்குவது? கொக்கா?

நிலத்துக்குக் கஞ்சி ஊற்றினேன் என்று எழுதியிருந்தீர். புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்த ஆள் நீர், உமக்கு நான் சொல்ல வேண்டுமா? கஞ்சி என்ன காணும், எப்படிப் போதும்? வெட்டித் தின்ற நிலம் பட்டினி கிடக்கும். சாம்பல் போடும். மாட்டெரு கிடைத்தால் கரைத்து ஊற்றும். நன்றி சொல்லுகிறதென்றால் கை நிறையச் சொல்ல வேண்டும்.

வீட்டு விசயத்துக்குக் கெதியாகப் பதில் போடவும்.

உருத்திரமூர்த்தி


எம்ஸ்லாண்ட்
26 மே 2024

அண்ணை,

நீங்கள் எழுதியதைக் கண்ணாடி போட்டு நானே வாசித்தேன். உங்கள் கையெழுத்து சாய்ந்து ஓடுகிறது. துரத்திப் பிடிக்க நேரம் எடுத்தது. பிடித்துவிட்டேன்.

இப்போது சதுப்பு வெள்ளையாக இருக்கிறது. பஞ்சுப்புல் பூத்திருக்கிறது. காற்று வந்தால் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு எழும்பும். நான் கதிரையை வெளியில் போட்டு இருக்கிறேன். ஒரு வேலையும் இல்லாத மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டோர்ட்மண்ட் வீட்டுக்கு நன்றி. நீங்கள் எனக்காக அலைந்தது விளங்குகிறது. ஆனால் எனக்கு வர ஏலாது, அண்ணை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் இவ்வளவு காலம் இந்த நிலத்துக்குள் நின்றேன். ஆனால் இது என்ன என்று எனக்குத் தெரியாது. மெஷினில் ஏறுவேன், வெட்டுவேன், இறங்குவேன். இப்போதுதான் எவ்லின் அம்மா சொல்லித் தெரிகிறது. முந்தி எம்ஸ் ஆற்றுக்கு மேற்கே இருந்து நெதர்லாந்துக்கு உள்ளே வரைக்கும் ஒரே சதுப்பாம். நடுவில் ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. இரண்டு நாட்டுக்காரரும் இரண்டு பக்கமும் இருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது இடையிடையே சோளமும் உருளைக்கிழங்கும் காற்றாடியும். மிச்சம் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

எல்லாம் பாசிதான், அண்ணை. மேலே உயிரோடு இருக்கும். கீழே செத்துப்போகும். செத்தது அழுகாது, தண்ணீருக்குள் அமர்ந்து கிடக்கும். அதன் மேல் அடுத்தது. ஒரு வருடத்துக்கு ஒரு நகத்தின் தடிப்புத்தான் உயரும். நான் ஒரு இழுப்பில் வெட்டி எறிந்த மண், எத்தனையோ தலைமுறை ஆட்கள் பிறந்து செத்த காலத்தின் மண். அதை வாங்கிப் பூச்சாடிக்குள் போட்டார்கள். பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்கும் வயிறு இருந்தது.

எவ்லின் அம்மா இளம் வயதில் சைபீரியாவில் வாஸ்யுகான் என்ற சதுப்பில் வேலை செய்தாராம். சுவிஸ் நாட்டைவிடப் பெரியதாம். சுவிஸிலுள்ள எங்கட ஆட்கள் எல்லோரையும் அதற்குள் விட்டால் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க ஏலாது என்று சொன்னேன். அவர்களுக்கு அது நல்லது என்றார். அவருக்கு எங்கட ஆட்களைத் தெரியும் போல. அங்கே நாலு பக்கமும் வானம்தான், ஆறுகளே அதிலிருந்துதான் பிறக்கின்றன என்றார். இங்கே இந்தச் சின்னப் பாத்தியில் குந்தியிருக்கும்போதும் அவருக்கு அது நினைவு வருமாம்.

இங்கே ஒரு செடி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். சிவப்பு மயிர், நுனியில் பனித்துளி மாதிரி ஒட்டு. நுளம்பு வந்து இருந்தால் மெல்ல மடித்துத் தின்னுகிறது. பாவம், பசி போல. செடியே பூச்சி பிடித்துத் தின்கிற அளவுக்குப் பட்டினி. நீங்கள் எழுதியது சரிதான் என்று நினைத்தேன்.

பக்கத்துக் கமக்காரர் அலோசியஸிடம் ஒரு வாளி மாட்டெரு கேட்டேன். தக்காளிக்கா என்றார். தலையை ஆட்டினேன். கிழமைக்கு ஒரு வாளி தருகிறார். நான் கரைத்து, அடுப்புச் சாம்பலும் கலந்து, எவ்லின் அம்மாவின் பாத்தியில் ஊற்றிவருகிறேன். ஊற்றும்போது சிவபாக்கியத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் சொல்லித்தான் ஊற்றுகிறேன். பாத்தி பச்சைப் பசேலென்று வருகிறது, அண்ணை. அவருக்கு இன்னும் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும்.

நாகமுத்து


டோர்ட்மண்ட்
15 ஜூன் 2024

தம்பி,

உமக்கு வர ஏலாதாம், செடி பூச்சி தின்பதைப் பார்க்க வேண்டுமாம். வாசித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுக்காரர் ஆவணி முடியும் வரைக்கும் பொறுப்பார். அதற்குமேல் பொறுக்க மாட்டார். நான் அவரிடம் "தம்பி யோசிக்கிறார்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஏலாது என்று சொல்லவில்லை. நான் மொழிபெயர்ப்பாளன், எதை எப்போது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

எரு பலன் தருகிறது என்று எழுதியது மட்டும் எனக்குப் பெருமை. டோர்ட்மண்டில் நாலாம் மாடியில் இருந்துகொண்டு ஜெர்மன் சதுப்புக்கு வைத்தியம் சொல்ல ஒரு யாழ்ப்பாணத்தான் தேவைப்பட்டிருக்கிறது. எவ்லின் அம்மாவுக்கு என் வணக்கத்தையும் சொல்லும்.

குளிர் இல்லாத காலத்திலாவது முழங்காலுக்குத் தைலம் போடும்.

உருத்திரமூர்த்தி


எம்ஸ்லாண்ட்
18 ஓகஸ்ட் 2024

அண்ணை,

இந்தக் கடிதம் எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஆடி மாதம் எவ்லின் அம்மா வந்தார். பாத்தியைப் பார்த்ததும் முழங்காலில் இருந்துவிட்டார். சந்தோசம் என்று நினைத்தேன். அவர் கையால் பச்சையை விலக்கினார். மேலே நின்றது புல். கோரை. பூஞ்சணம் மாதிரி ஒரு வழுவழுப்பு. அடியில் அவர் தூவிய பாசி வெள்ளையாகச் செத்துக் கிடந்தது. போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்.

போன கிழமை திரும்ப வந்தார். தண்ணீரில் மாட்டெரு இருக்கிறதாம். வாய்க்காலுக்கு அங்காலே அலோசியஸின் வயல். அவர்தான் எருக்கரைசலைக் கவனமில்லாமல் விட்டிருக்கிறார், இங்கே மாவட்டத்து அரசாங்கக் கச்சேரிக்கு முறைப்பாடு எழுதப்போகிறேன் என்றார். ஓரத்துக் குத்தகை நிலம் அலோசியஸின் கையைவிட்டுப் போகுமாம். "அவர் தெளிக்கிறதை நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டார். ஓம், சில நேரம் இருட்டுப்பட்ட பிறகும் தெளிக்கிறவர் என்று சொன்னேன். உண்மையில் கண்டிருக்கிறேன். அதனால் சொன்னேன். என் வாளி எனக்கு நினைவே வரவில்லை. நான் ஊற்றியது சாப்பாடு, அவர் விட்டது கழிவு என்றுதான் என் மண்டைக்குள் இருந்தது.

அவர் போன பிறகு படலையைப் பூட்டப் போனேன். அங்கே ஒரு பலகை நிற்கிறது. நான்தான் கிடங்கு வெட்டி அதை நட்டவன். அதில் ஒரு சப்பாத்துப் படமும் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். உள்ளே நடக்கக்கூடாது என்று நான் நினைத்துக்கொண்டேன். கீழே ஜெர்மனில் எழுத்து. எனக்கு அது எழுத்து என்று மட்டும் தெரியும். இந்தக் கோடையில்தான் ஜெர்மன் எழுத்தும் படிக்கத் தொடங்கினேன். அன்றைக்கு அப்படியே நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"இந்த நிலம் மழையை மட்டும் உண்டு வாழ்கிறது. வேறு எதைக் கொடுத்தாலும் செத்துப்போகும்."

திரும்பவும் வாசித்தேன். பிழையாக வாசிக்கிறேனோ என்று பார்த்தேன். சரியாகத்தான் வாசித்தேன்.

கீழே சின்ன எழுத்தில் இருந்த மிச்சத்தையும் கூட்டி வாசித்தேன். மற்ற நிலம் எல்லாம் ஆற்றிலும் மண்ணிலும் இருந்து சத்து எடுக்குமாம். இது மழையில் மட்டும். மழையில் ஒரு சத்தும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததில் வாழப் பழகியது பாசி. அதனால்தான் வேறு ஒன்றும் வந்து அதை நெருக்குவதில்லை. கொஞ்சம் எரு கிடைத்தால் புல்லுக்கும் கோரைக்கும் கொண்டாட்டம். அவை பாசியை மூடிவிடும். சாம்பல் அதைவிட மோசம், நேரே எரித்துவிடும். அந்தச் செடி பூச்சி தின்பது பட்டினியால்தான். ஆனால் அதற்கு அந்தப் பட்டினிதான் வீடு.

அண்ணை, நான் வருகிற வெள்ளி எவ்லின் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். அவர் இந்த வீட்டையும் திறப்பையும் வாங்கிக்கொள்ளுவார் என்று நினைக்கிறேன். வாங்கினால் நான் என்ன சொல்ல முடியும்? காவலுக்கு வைத்த ஆளே கெடுத்துப்போட்டான். எனக்கு இங்கேயிருந்து போக விருப்பம் இல்லை. அதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

நாகமுத்து


டோர்ட்மண்ட்
21 ஓகஸ்ட் 2024

நாகமுத்து,

கடிதம் கண்டதும் எழுதுகிறேன். ரெலிபோன் எடுத்தேன், நீர் எடுக்கவில்லை. சதுப்பில் நிற்பீர் போல.

ஒன்றும் சொல்லாதையும்.

நான் சொல்வதைக் கோபிக்காமல் கேளும். எத்தனை வருடம் அலுவலக மேசைகளுக்கு முன்னால் எங்கட ஆட்களோடு இருந்திருக்கிறேன். கேட்காததைத் தானாகச் சொன்னவன்தான் எப்போதும் கெட்டான். அலோசியஸ் ஊர்க்காரர், காணி உள்ளவர், ஒரு துண்டு நிலம் போனால் அவர் சமாளிப்பார். நீர் வயது போன வெளியாள். அந்த வீடு போனால் உமக்கு என்ன இருக்கிறது? முழங்கால் ஏலாது, டோர்ட்மண்டுக்குப் போகிறேன் என்று சொல்லித் திறப்பை மரியாதையாகக் கொடுத்துவிட்டு வாரும். கீழ்வீடு இன்னும் உமக்காகக் காத்திருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

எரு போடச் சொன்னது நான். அதைப் பற்றி நீர் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

உருத்திரமூர்த்தி


எம்ஸ்லாண்ட்
8 செப்டெம்பர் 2024

அண்ணை,

உங்கள் கடிதம் வந்தபோது நான் சொல்லிவிட்டேன். முன்னமே வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். உங்களை மீற வேண்டும் என்று இல்லை.

முதலில் அலோசியஸிடம்தான் போனேன். அவரைப் பற்றித்தான் நான் ஓம் என்று சொன்னேன். அவர் மாட்டுக் கொட்டிலில் பால் குழாய் கழுவிக்கொண்டு நின்றார். தக்காளி எப்படி என்று கேட்டார்.

"தக்காளி இல்லை. சதுப்புக்குப் போட்டனான்."

குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவர் பூட்டவில்லை.

"சதுப்புக்கோ? என்ர தகப்பன், அவற்றை தகப்பன், எல்லாரும் அதைக் காய வைக்கவெண்டே முதுகு முறிஞ்சு செத்தவை. நீ அதுக்குச் சோறு குடுத்தனியோ?"

ஏன் கொடுத்தேன் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் நன்றி என்ற சொல்லைப் பலமுறை சொன்னேன் போல இருக்கிறது. அவர் குழாயைப் பூட்டினார். கச்சேரியில் இருந்து தனக்கு ஏற்கெனவே கடிதம் வந்துவிட்டது என்றார். கோபத்தில் காது சிவந்திருந்தது. என் மீதா, எவ்லின் அம்மா மீதா என்று விளங்கவில்லை. பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஏறு, போவோம் என்று ட்ரக்டரைக் காட்டினார். இரண்டு பேருமாக எவ்லின் அம்மாவின் அலுவலகத்துக்கு ட்ரக்டரில் போனோம். ஊர் முழுக்கப் பார்த்தது.

எவ்லின் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருக்கால், எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். நான் சொல்லச் சொல்ல முகம் வெளிறிப்போனது. அந்தப் பாத்திக்கு அவர் எத்தனையோ வருடம் காத்திருந்தவர். அலோசியஸ்தான் இடையில், மாடு என்னுடையதுதான், ஆனால் வாய்க்கால் தாண்டி நடந்து போகவில்லை என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் எவ்லின் அம்மா கேட்டார்:

"என்னட்டை ஏன் ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

"நன்றி சொல்லுறதுக்கு ஆரும் அனுமதி கேக்கிறதில்லைத்தானே."

அவர் பேனையை மூடி வைத்தார். பிறகு முறைப்பாட்டை நிறுத்தச் சொல்லி ரெலிபோன் எடுத்தார். அலோசியஸிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கையை நீட்டினார். நான் திறப்பைக் கழற்றிக் கொடுத்தேன். சங்கத்துக் கூட்டம்தான் இனி முடிவு சொல்லும், அதுவரைக்கும் வீட்டில் இருக்கலாம், படலைக்கு அங்காலே போகக்கூடாது என்றார்.

இப்போது யன்னலால் பார்க்கிறேன்.

அண்ணை, எரு நீங்கள் சொன்னது என்று நான் ஏன் எழுதவில்லை என்றால், அது எனக்கு வரவே இல்லை. வாளி தூக்கியது நான். நீங்கள் எனக்காக எழுதிய கடிதங்களில் எப்போதும் என் சொல்லைவிட நல்ல சொல் இருந்தது. அதற்கு நான் சாகும் வரைக்கும் நன்றி. இந்த ஒன்றுக்கு மட்டும் என் சொல் காணும் என்று நினைத்தேன்.

நாகமுத்து


டோர்ட்மண்ட்
29 செப்டெம்பர் 2024

தம்பி,

கீழ்வீட்டுக்கு அலெப்போவிலிருந்து வந்த ஒரு குடும்பம் வந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் ஏலாது என்று இந்த முறை ஒழுங்காக மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டேன். அந்த வீட்டுப் பெண், பள்ளிக்கூடத்துக் கடிதம் ஒன்றை விளங்கப்படுத்தச் சொல்லி நேற்றுக் கதவைத் தட்டினா. ஆகவே என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். உம்முடைய கடிதம் கிடைத்த அன்றே நான் எவ்லின் அம்மாவுக்கு ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதினேன். எரு போடச் சொன்னவன் நான், முழுப் பிழையும் என்னுடையது, அந்த மனிசனின் வீட்டைப் பறிக்க வேண்டாம் என்று. நல்ல கடிதம். எனக்கே கண் கலங்கியது. அலுவலகத்தில் இருப்பவர்களை எப்படி அசைப்பது என்று எனக்குத் தெரியும்.

முத்திரை ஒட்டிய பிறகு உம்முடைய கடைசி வரியைத் திரும்ப வாசித்தேன். தபாலில் போடவில்லை. உமக்காக நான் எழுதி, அனுப்பாமல் விட்ட கடிதம் இது ஒன்றுதான்.

ஆனால் சும்மா இருக்கவும் ஏலாது. அந்தப் பாத்தியைத் துப்புரவாக்க ஆள் வேண்டியிருக்கும்தானே? நான் வாறன். மண்வெட்டி பிடித்துக் கனகாலம். பிடிக்க மறக்கவில்லை என்று நினைக்கிறேன். எவ்லின் அம்மாவிடம் கேட்டுச் சொல்லும். முன்னதாகக் கேட்கிறேன் என்பதைக் கவனித்தீரா?

உருத்திரமூர்த்தி


எம்ஸ்லாண்ட்
30 மார்ச் 2025

மூர்த்தி அண்ணைக்கு,

நீங்கள் வந்து நின்று போன பிறகு குளிர் முழுக்க எழுதாமல் இருந்துவிட்டேன். சொல்லுவதற்கு ஒரு முடிவு வரட்டும் என்று பார்த்தேன். இப்போது வந்துவிட்டது.

முதலில் உங்கள் இடது சப்பாத்து. நீங்கள் தொடை வரைக்கும் புதைந்து, அலோசியஸ் கயிறு போட்டு இழுத்த இடத்தில் நான் தடி விட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. கவலைப்படாதையுங்கோ. அங்கே ஒன்றும் அழுகாது. ஆயிரம் வருடம் கழித்து ஆராவது தோண்டி எடுத்து, இந்தச் சப்பாத்துக்காரன் பெரிய மனிசன் என்று எழுதி வைப்பார்கள்.

எவ்லின் அம்மா சம்மதித்து நாங்கள் மூன்று பேரும் வெட்டி எடுத்த கெட்டுப்போன மண்ணை அலோசியஸ் தன் சோள வயலில் பரவிவிட்டார். அவருக்கு இப்போது என்மேல் கோபம் இல்லை. ஊரில் ஆரைக் கண்டாலும், தன் எருவைத் திருடிச் சதுப்புக்கு விருந்து வைத்த ஆள் இவன் என்று அறிமுகம் செய்கிறார். எல்லோரும் கை தருகிறார்கள். முந்தி எனக்கு ஒருவரும் கை தந்ததில்லை.

சங்கத்துக் கூட்டம் தை மாதம் நடந்தது. இரண்டு பேர் என்னை அனுப்ப வேண்டும் என்றார்களாம். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எவ்லின் அம்மா சொன்னது என்ன என்று கேட்டேன். சொல்லவில்லை. இன்றைக்கு வந்து திறப்பை மேசையில் வைத்தார். ஒரு நிபந்தனை. அடுப்புச் சாம்பல் ஊர்ப்பக்கம்தான் போக வேண்டும். கஞ்சித் தண்ணீரும். ஓம் என்றேன். திறப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தார்.

பிறகு ஒரு பெரிய வாளியைக் காரிலிருந்து இறக்கினார். உள்ளே பாசி. மற்றப் பக்கத்துச் சதுப்பில் நன்றாகப் பிடித்த இடத்திலிருந்து கொஞ்சம் கிள்ளிக் கொண்டுவந்திருந்தார். "இந்தமுறை நீங்கள் தூவுங்கோ" என்றார். நான் மாட்டேன் என்றேன். அவர் வாளியை என் காலடியில் வைத்துவிட்டு அங்காலே போய் நின்றார்.

தூவினேன், அண்ணை. பிடி பிடியாக. ஈரமாகவும் குளிராகவும் இருந்தது, ஒரு பாரமும் இல்லை. அதன் மேல் வைக்கோல் பரவினோம், வெயில் படாமல். வேலை முடிந்ததும் என் கை பழக்கத்தில் வேறு ஒன்றைத் தேடியது. ஒரு செம்புத் தண்ணீர், ஒரு பூ, ஏதாவது. ஒன்றும் எடுக்கவில்லை. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றேன். வெறுங்கையோடு நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. எவ்லின் அம்மாவும் அப்படித்தான் நின்றார். அவருக்குப் பழக்கம் போல.

அவர் போன பிறகு பின்னேரம் இருட்டிக்கொண்டு வந்தது. படலையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழை இல்லை, சத்தம் இல்லாமல் ஒரே சீராகப் பெய்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கடதாசியின் ஓரம் நனைந்தால் மன்னிக்கவும்.

வெளியில் அதற்குச் சாப்பாடு போகிறது, அண்ணை. போடுவது நான் இல்லை. எனக்குச் சரியான சந்தோசம்.

நாகமுத்து